மலையில் சேர்ந்து ஏறியவர்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் மாசி, பங்குனி வந்தால் வெள்ளியங்கிரிக்கு வேன் பிடிக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து கிளம்பி, கோவை மாவட்டம் பூண்டியில் இறங்கி, ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, காட்டு வழியே ஏழு மலை ஏறுகிறார்கள். உச்சியில் குகைக்குள் இருக்கும் சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். பிப்ரவரி தொடங்கி மே வரைதான் வனத்துறை விடுகிறது. மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் அங்கே இறந்தவர்கள் உண்டு. இதய நோய் உள்ளவர்கள் போகாமல் இருப்பதே நல்லது.

அந்த வேனில் காலனிப் பையனும் ஊர்த்தெருப் பையனும் ஒன்றாகத்தான் போகிறார்கள். செங்குத்தான இடத்தில் ஒருவன் தடியை நீட்ட, மற்றவன் பிடித்து ஏறுகிறான். தண்ணீரும் ஒரே பாட்டிலில்தான். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆடித் திருவிழாவில் அதே இருவரும் எங்கே நிற்கிறார்கள்?

பல ஊர்களில் அம்மன் திருவிழாவுக்குக் காலனியில் வரி வாங்குவதில்லை. 'பாவம், ஏழைகள்' என்று சமாதானம் வேறு. காலனியில் இன்று மாதச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதை செல்லாது. வரி கொடுத்தவன் கணக்குக் கேட்பான், கூட்டத்தில் உட்காருவான், சாமி எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்பான். வாங்காமல் விட்டால் அந்தப் பேச்சே எழாது.

ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 30 அன்று, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அதே ஆண்டு ஜூனில், நுழைவுத் தகராறில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். ராமானுஜர் பிறந்த மண் என்று பெருமை பேசும் நம் பகுதி ஊர்களும் இந்தக் கணக்கில் ஒரு முறை தங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

கோயிலுக்குள் விடாதது மட்டுமல்ல, தலித்துகள் சாமி ஊர்வலத்தில் கலந்துகொள்வதைத் தடுப்பதும் 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாணவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

மலையில் தடி நீட்டிய ஊர்த்தெரு நண்பர்கள், ஆடிக்கு முன்னால் நடக்கும் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க வேண்டும். அங்கே உட்கார அவர்களுக்கு இடம் இருக்கிறது. காலனி மாணவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். சாமி வர வேண்டும் என்று எழுதும்போது, வரியையும் ரசீது போட்டு வாங்கச் சொல்லி எழுதுங்கள்.