கொழும்பின் தொடர்மாடிகள்: மேலே ஏறியவர்களும் கீழே விட்ட காணியும்

கொழும்பில் காணி விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாத நிலைக்குப் போய்விட்டது. இனி மேல்நோக்கிக் கட்டுவதைத் தவிர வழியில்லை என்கிறார்கள். அந்த வாதத்தில் பிழையில்லை. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து போன நம்மவர்கள் பலருக்கு வெள்ளவத்தையில் ஒதுங்க இடம் கிடைத்ததும் தொடர்மாடிகளால்தான். ஆனால் அவர்கள் பணம் கொடுத்து, விரும்பி ஏறினார்கள். கொழும்பின் ஏழைகள் ஏற்றப்பட்டார்கள்.

2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டு மே மாதமே கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் படையினர் நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. வீடிழந்தவர்களில் காணி உறுதி வைத்திருந்தவர்களும் அடக்கம்.

அதிகார சபையின் கணக்கில், மாநகரின் ‘வசதி குறைந்த குடியிருப்புகளில்’ வாழ்ந்தவை ஏறத்தாழ 68,000 குடும்பங்கள். அவர்கள் இருந்த நிலமோ சுமார் 900 ஏக்கர், அதாவது நகரின் பத்திலொரு பங்கு. இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நகரத்திலேயே மிக நெருக்கமாக வாழ்ந்தவர்கள் இவர்கள்தான். நெருக்கமாக வாழப் பழக்க வேண்டிய தேவை இவர்களுக்கு இருக்கவில்லை. தேவைப்பட்டது அவர்களின் காலடியில் கிடந்த காணி. அதை விடுவித்து முதலீட்டாளரிடம் கொடுப்பது திட்டத்தின் வெளிப்படையான நோக்கமாகவே இருந்தது.

தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கம் எழுந்த மாடிகளில் ஆரம்பத்தில் கிடைத்தது 400 சதுர அடி சொச்ச வீடு. இரண்டு மாடி வீட்டைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கும் பெரும்பாலும் அதேதான். அதற்கும் சுமார் 10 இலட்சம் ரூபாவை 20, 30 ஆண்டுகளில் கட்டவேண்டும். வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பது? லிப்ட் பழுதானால் முதியவர் எப்படி இறங்குவது? (சேரிக்குப் பதில் புது வீடு என்று பத்திரிகைகள் மகிழ்ந்தெழுதிய காலம் அது.)

வலிகாமம் வடக்கில் 2013 இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் போக மக்களுக்கு ஒரு காகிதமாவது இருந்தது. கொழும்பில் பல இடங்களில் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் அந்த நடைமுறைகூடப் பின்பற்றப்படவில்லை. அதிகாரிகள் வந்து சொன்னார்கள், சாமான் கட்டப்பட்டது.

2019 இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, கொழும்பில் மேலும் 5,500 வீடுகளுக்கான திட்டத்துக்கு 200 மில்லியன் டொலர் கடனை அங்கீகரித்தது. எத்தனை மாடி என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். பழைய வீட்டின் பெறுமதி எப்படிக் கணிக்கப்பட்டது, புதிய வீட்டின் உறுதி எப்போது கைக்கு வரும், விடுபட்ட காணி என்ன விலைக்குப் போனது என்பவற்றை அந்த மக்கள் முன் எழுத்தில் வைக்கவேண்டும்.