பழைய எஸ்யூவியின் மூக்கு தாழ்ந்திருக்கா? லெவலிங் கிட் வாங்கும் முன் டேப்பை எடுங்க!

பொள்ளாச்சியில் ஒரு குடும்பம். 2011 மாடல் ஃபார்ச்சூனரை செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டே வாரம். வாசலில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்த கணவருக்கு ஒரு குறை. முன்பக்கம் இறங்கி, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாலு வீடியோ பார்த்தார், முடிவே எடுத்துவிட்டார்: முன்பக்கம் இரண்டு இன்ச் தூக்கும் லெவலிங் கிட்!

மனைவி கேட்டது ஒரே கேள்வி. “ஏனுங்க, இப்பவே அத்தையைக் கையைப் பிடிச்சுத்தான் ஏத்தறோம். இன்னும் உசத்தினா?”

நியாயம்தான். ஆனால், அதற்கும் முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. ஏழு பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்தால் பின்பக்கம் இறங்கும். அதற்காகத்தான் இதுபோன்ற வண்டிகளில் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தியே வைக்கிறார்கள். காலியாக நிற்கும்போது சமமாக்கிவிட்டால், ஆள் ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ரோட்டில், இரவில், இது விளையாட்டில்லை.

பழைய வண்டியில் இன்னொரு சிக்கல். இறங்கியிருப்பது கம்பெனி வைத்த அளவா, ஸ்பிரிங் தளர்ந்ததா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சமதளத்தில் நிறுத்தி, டயரில் சரியாகக் காற்று பிடித்து, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும். இடது வலது வித்தியாசம் இருந்தால் கிட் தேவையில்லை, ரிப்பேர்தான் தேவை.

சரி, எல்லாம் நன்றாகவே இருக்கிறது, உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு: மலிவானது, ஸ்ட்ரட்டுக்கு மேல் வைக்கும் ஸ்பேசர். இதில் பலர் ஏமாறுவது கணக்கில். சஸ்பென்ஷன் ஆர்ம் நெம்புகோல் மாதிரி. டபுள் விஷ்போன் வண்டியில் மேலே அரை இன்ச் வைத்தால், சக்கரத்தில் ஏறக்குறைய ஒரு இன்ச் தூக்கும். இரண்டு இன்ச் உயரம் வேண்டும் என்று இரண்டு இன்ச் கட்டையையே வாங்கினால், ஆக்ஸில் ஜாயின்ட்டும் பால் ஜாயின்ட்டும் தாங்காத கோணத்துக்குப் போய்விடும். செலவு கூடினாலும், அந்த எடைக்கென்றே செய்த புது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஜோடிதான் நல்லது. ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர்? வண்டி கட்டை வண்டி மாதிரி குதிக்கும். எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் சரிசெய்வதும் கட்டாயம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் வெடித்தால் கை போகும். எனவே வீட்டில் கழற்றிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

கடைக்காரர் சொல்லாதது ஒன்று உண்டு, சட்டம். தயாரிப்பாளரின் ஒரிஜினல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் தலைவலி. கிட் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சிக்காரர் கடைசியில் டேப்பை எடுத்தார். முன்பக்கம் டிரைவர் பக்கம் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. முன் ஸ்பிரிங் இரண்டையும் கம்பெனி அளவிலேயே மாற்றி, அலைன்மென்ட் பார்த்தாயிற்று. கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சமானதில், அத்தை ஏறுவதற்கு டிக்கியில் ஒரு மடக்கு ஸ்டூல்.