பதறாத காரியம் சிதறாது!

பனிக்கட்டித் தரை. காலில் கத்தி போன்ற தகடு பொருத்திய பூட்ஸ். அதில் நின்று வேகமாக ஓடுவது ஒரு பந்தயம். குளிர் நாடுகளில் இதற்கு மதிப்பு அதிகம்.

இதில் பெரும் பெயர் எடுத்தவர், அமெரிக்க வீரர் டான் ஜான்சென். 500 மீட்டர் தூரத்தை 36 விநாடிக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்தான். ஆனால் ஒலிம்பிக் என்றால் மட்டும் கால் தடுமாறும்!

அடி மேல் அடி

1988-ல் கனடா நாட்டின் கால்கரி நகரில் ஒலிம்பிக் நடந்தது. பந்தயத்தன்று காலையில் அவருடைய அக்காள் ஜேன், ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அன்று மாலையே ஜான்சென் ஓடினார், விழுந்தார். நான்கு நாள் கழித்து 1,000 மீட்டரிலும் விழுந்தார்.

1992-ல் பிரான்சில் நடந்த ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லை. 1994-ல் நார்வேயில் 500 மீட்டர் ஓட்டம். மறுபடியும் வழுக்கல். கிடைத்தது 8-வது இடம்.

தினமும் எழுதினார்

மிச்சம் இருந்தது 1,000 மீட்டர். அந்த ஓட்டம் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மனப்பயிற்சி அளித்த ஜிம் லோயர் என்பவர் ஒரு வழி சொல்லியிருந்தார். அந்த ஓட்டத்தின் மேல் தமக்கு ஆசை என்று நாள்தோறும் காகிதத்தில் எழுத வேண்டும். ஜான்சென் எழுதி வந்தார்.

1994 பிப்ரவரி 18. அவருடைய கடைசி ஒலிம்பிக் ஓட்டம். நடுவில் கால் சறுக்கியது. ஆனால் அவர் பதறவில்லை, சமாளித்து ஓடினார். 1 நிமிடம் 12.43 விநாடி. உலக சாதனை! தங்கப் பதக்கம்! கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். குழந்தையின் பெயர் ஜேன்.

கவனியுங்கள். தங்கம் வாங்கிய ஓட்டத்திலும் ஒரு தவறு இருந்தது!

பெற்றோர் கவனத்துக்கு

"ஒரு மார்க் கூடக் குறையக் கூடாது" என்று சொல்லிப் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பும் பெற்றோர் உண்டு. பிள்ளை என்ன செய்யும்? முதல் கேள்வியில் தடுக்கினால், மீதிக் கேள்விகளையும் மறந்து நிற்கும்.

பாடுபட வேண்டாம் என்பதல்ல. ஜான்சென் பல ஆண்டுகள் பாடுபட்டவர். ஆனால் பாடுபடுவது பரீட்சைக்கு முன்பு. பரீட்சை அன்று, "தெரிந்ததை ஆசையாக எழுதிவிட்டு வா" என்று சொல்லி அனுப்புங்கள். அது போதும்.