தேரைக் கொடுத்தது யார்?

சிறுவர் செய்யும் குற்றத்துக்குச் சிறுவரைத் தண்டிப்பதா, பெற்றவரைத் தண்டிப்பதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் மனுநீதிச் சோழனிடம் போய் நிற்பது வழக்கம். காரைக்காலுக்குத் திருவாரூர் அண்டையூர்தான்; கோயிலை ஒட்டி அந்தக் கல்தேரும் நிற்கிறது. பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான் மன்னன், ஆகவே பிள்ளைகளிடம் தயவு தாட்சணியம் கூடாது என்று மேடையில் முழக்கி முடிப்பார்கள்.

சேக்கிழார் பாடிய வரலாறு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. இளவரசுப் பட்டம் பெறும் பருவத்தை நெருங்கிய பிள்ளை, பரிவாரம் சூழ அரசவீதியில் தேரில் போகிறான். எவரும் அறியாமல் கன்று சக்கரத்தினுள் புகுந்து மாண்டு போகிறது. அமைச்சர்கள் கழுவாய் சொல்கிறார்கள். மன்னன் ஏற்கவில்லை, பசு அடைந்த துயரைத் தானும் அடைவதே முறை என்கிறான். அப்படியானால் அவன் தண்டித்தது மகனையா, தன்னையா? வேதனை தகப்பனுடையது, சக்கரத்தின் கீழ்க் கிடந்த உடலோ மகனுடையது. (ஆணையை நிறைவேற்ற மனமின்றி உயிர் துறந்த அமைச்சரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.) ஆனால் அந்த அவையில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தேரை அவனுக்குக் கொடுத்தது யார்?

இந்தியச் சட்டம் அதை உரக்கக் கேட்க 2019 ஆயிற்று. உரிமமற்றவரிடம் வண்டியைக் கொடுத்தவருக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் தண்டனை இருந்தது, பேருக்கு. 2019 திருத்தம் 199அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க இயன்றதெல்லாம் செய்தேன் என்றோ மெய்ப்பிக்கும் சுமை பெற்றவர் தலைமேல்.

கடுமையான பிரிவுதான், எனக்கு அதில் உடன்பாடே. மாலை வேளையில் அரசலாற்றங்கரையை ஒட்டிய கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். மீசை அரும்பாத பையன்கள் மூவர் ஒரே வண்டியில் பறப்பார்கள். சாவி ஆணியில் தொங்கியது, எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்பார் தகப்பனார். ஆணியில் மாட்டியவர் யாரோ? இங்கே தகப்பனார் தண்டிக்கப்படுவது மகன் செய்ததற்காக அன்று, தாம் செய்ததற்காக. 2024 மே மாதம் புணே நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரு இளம் பொறியாளர்கள் மாண்டபோது, 300 சொற்களில் கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு அவனுக்குப் பிணை கிடைத்தது நாடெங்கும் சினத்தைக் கிளப்பிற்று. பின்னர் இரத்த மாதிரியை மாற்றியதாக எழுந்த குற்றச்சாட்டில் தந்தை, தாய் இருவருமே கைதாயினர். அதுவும் அவர்கள் மீது அவர்களுடைய செயலுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கே.

இந்த வரம்பைத் தாண்டி, வளர்ப்புச் சரியில்லை என்பதற்காகவே பெற்றவரைத் தண்டி என்னும்போதுதான் நான் விலகி நிற்கிறேன். திருப்பிப் போட்டுப் பாருங்கள். 2022 செப்டம்பரில் காரைக்காலில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நஞ்சு கலந்த குளிர்பானம் அருந்தி மாண்டான். படிப்பில் தன் மகளுக்குப் போட்டியாக இருந்ததே காரணம் என்று சொல்லி, உடன்பயின்ற மாணவியின் தாயைக் காவல்துறை கைது செய்தது. அந்த மகளையும் சேர்த்துத் தண்டியுங்கள் என்று எவரேனும் சொல்லியிருந்தால் ஏற்றிருப்போமா? தாயின் பாவத்தை மகள் தலையில் ஏற்றுவது அநீதி என்றால், மகனுடையதைத் தாய் தலையில் ஏற்றுவது மட்டும் எப்படி நீதியாகும்?

சிறுவனைச் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்வது குற்றமே அன்று. அதற்கு மேல் பன்னிரண்டு வரை, செய்வதன் விளைவை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அறிவுரையிலிருந்து சமூகப் பணி, சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை என்று படிப்படியாகப் போகிறது. பதினாறைக் கடந்தவர் கொடுங்குற்றம் புரிந்தால் முதல்நிலை மதிப்பீட்டுக்குப் பின் வயது வந்தவராக விசாரிக்கவும் இடமுண்டு. பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. செல்வர் வீட்டில் அது ஒரு மாலைச் செலவு. மீன்கூடை சுமந்து பிள்ளை வளர்ப்பவளுக்கோ ஒரு மாத அடுப்பு.

1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தங்கள் நாட்டில் வேறு வழி கண்டார்கள். 1804ஆம் ஆண்டு சிவில் சட்டத் தொகுப்பிலேயே, உடன் வாழும் மைனர் பிள்ளை விளைவித்த கேட்டுக்குப் பெற்றோர் பொறுப்பு என்று எழுதி வைத்தனர். தடுக்க இயலவில்லை என்று மெய்ப்பித்தால் அன்று விலக்கு இருந்தது. 1997இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அதையும் மூடிவிட்டது. ஆனால் கவனியுங்கள், அது இழப்பீடு, தண்டனை அன்று. கெட்டுப்போனதற்கு ஈடு கட்டு என்கிறதேயன்றி, நீ குற்றவாளி என்று சொல்வதில்லை. திருவாரூர்க் கன்றை இறைவன் எழுப்பித் தந்தான். நம் சாலைகளில் இறந்தவர் எழுவதில்லை. அந்த வீட்டுக்கு அரிசி வாங்கப் பணம் வேண்டும். பெற்றவரிடமிருந்து பெற வேண்டியது முதலில் அதுவே.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒன்று. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். எல்லைக்கு இருபுறமும் சாராய விலை வேறு வேறாக இருப்பதால் கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சோதனைச் சாவடியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பை நிறைய பாட்டில்களோடு பிடிபட்டால், அவனை நிறுத்துவார்கள், தாயை வரவழைப்பார்கள், இப்படியா பிள்ளை வளர்ப்பாய் என்று ஏசுவார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவோ, மதுவைச் சுமக்கவும் கடத்தவும் குழந்தையைப் பயன்படுத்துபவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. அந்தப் பையைப் பையன் தோளில் மாட்டி அனுப்பியவர் எந்தக் கடைவாசலில் நின்றார் என்று தாயை ஏசும் நேரத்தில் பையனிடம் கேட்கலாம்.