பாக்கி 2,000 ரூபாய்தானேன்னு விட்டா, 50 நாள் சலுகை மொத்தமா போயிடும்!

"50 நாள் வட்டியே கிடையாது சார்!" மாலில் கார்டு விக்க நிக்கிற தம்பி சொல்றது இதுதான். பொய் இல்ல. ஆனா ரெண்டு விஷயத்தைச் சொல்லாம விட்டுடுவார்.

முதல் விஷயம் சின்னது. 50 நாள்ங்கிறது அதிகபட்சம். உங்க பில்லிங் தேதி 15, பணம் கட்ட கடைசி தேதி அடுத்த மாசம் 5-ன்னு வச்சுக்குவோம். மே 16 வாங்கினா ஜூலை 5 வரைக்கும் 50 நாள். அதே பொருளை ஜூன் 14 வாங்கினா 21 நாள்தான்.

ரெண்டாவதுதான் கையைக் கடிக்கும். முந்தின பில்லை முழுசா கட்டினவங்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. கொஞ்சம் பாக்கி வச்சாலும், அடுத்து நீங்க கார்டு தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்ச்ச அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும்.

ஜூலை 5 கட்ட வேண்டியது 40,000 ரூபாய். நீங்க 38,000 கட்டிட்டு, மிச்சத்தை அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விடுறீங்க. ஜூலை 7-ல 30,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கறீங்க. ஆகஸ்ட் 5 எல்லாத்தையும் கட்டி முடிக்கிறீங்க. உங்க மனக்கணக்குல வட்டி அந்த 2,000-க்கு மட்டும்தான். ஆனா வாஷிங் மெஷினுக்கும் 29 நாள் வட்டி உண்டு. மாசம் 3.5 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 42 சதவீதம்னு போட்டா சுமார் 1,001 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 180 ரூபாய். ஆக 1,181. பாக்கி வச்ச 2,000-க்கான வட்டி தனி; அதுவும் கடைசி தேதியிலிருந்து இல்ல, பொருள் வாங்கின நாள்லேருந்து கணக்கு.

இதுல கொடுமை என்னன்னா, எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. மினிமம் டியூவுக்கு மேலயே கட்டிட்டீங்க. அதனால லேட் ஃபீ இல்ல, சிபில் ஸ்கோர்லயும் தாமதம்னு பதியாது. ஆனா புதுச் செலவைப் பொறுத்தவரைக்கும் 95% கட்டினவருக்கும் 5% கட்டினவருக்கும் ஒரே கதிதான். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-ல இணைச்சு வச்சிருந்தா, டீக்கடையில ஸ்கேன் பண்ணின 15 ரூபாய்க்கும் வட்டி ஓடும்.

பாக்கி வச்சா வட்டியில்லா காலம் போயிடும்ங்கிறதை வாடிக்கையாளருக்கு அழுத்திச் சொல்லணும்னு ரிசர்வ் வங்கியே விதி போட்டிருக்கு. வங்கிகளும் சொல்றாங்க, பொடி எழுத்துல. அதனால என் கருத்து இதுதான்: மினிமம் டியூங்கிற தொகையை உங்க கண்ணு பார்க்கவே கூடாது. ஆட்டோ டெபிட் போடும்போது 'டோட்டல் அமவுன்ட் டியூ'ன்னு தேர்ந்தெடுங்க. ஏற்கனவே போட்டு வச்சிருக்கீங்களா? எது தேர்வாகியிருக்குன்னு இப்பவே ஆப்பைத் திறந்து பாருங்க.

சம்பளம் 1-ம் தேதி, பில் கட்ட வேண்டியது 25-ம் தேதின்னா அது கஷ்டம்தான். பில்லிங் சுழற்சியை மாத்திக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. கடைசி தேதி 5-ஐ ஒட்டி வர்ற மாதிரி மாத்திக்கோங்க. "மூணு நாள் சலுகை இருக்கே ப்ரோ"ன்னு சிலர் சொல்லுவாங்க. அது லேட் ஃபீக்கும் சிபில் பதிவுக்கும்தான். வட்டியை அது நிறுத்தாது.

ஏடிஎம்ல கார்டு போட்டுப் பணம் எடுக்கறதா? அதுக்கு ஒரு நாள் கூட சலுகை கிடையாது, கட்டணம் வேற. வேண்டாம்.

ஏற்கனவே பாக்கி ஓடிக்கிட்டு இருந்தா, முதல்ல கார்டை பர்ஸை விட்டு வெளிய எடுத்து வைங்க. ஆர்டி, எஃப்டி இருந்தா உடைச்சு அடைச்சிடுங்க. 7 சதவீதம் சம்பாதிச்சுக்கிட்டு 42 சதவீதம் கட்டறதுல அர்த்தம் இல்ல. முழுசா கட்டின பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்ல ஒரு சின்ன வட்டி வரலாம். அது பில் போட்ட நாளுக்கும் நீங்க கட்டின நாளுக்கும் நடுவுல ஓடினது. கஸ்டமர் கேர்ல சண்டை போடாம அதையும் கட்டிடுங்க. அடுத்த ஸ்டேட்மென்ட்ல 'ஃபைனான்ஸ் சார்ஜ்' பூஜ்யம்னு வந்த பிறகு கார்டைத் திரும்ப பர்ஸுல வைக்கலாம்.