எலிக்கு வைத்தது

எங்கள் நாகமலை புதுக்கோட்டையில் இப்போது ஒரு புதிய குசலப் பிரச்னம் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. "உங்கள் வீட்டில் மருந்து அடித்தாயிற்றா, சார்?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து. கரப்பான் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. எலிக்கு வைப்பதும் மருந்து! விஷம் என்றும் நஞ்சு என்றும் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவற்றை நாடகத்துக்கும் என்னைப் போன்றவர்களின் நாவல்களுக்கும் ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குள் வருவதற்கெல்லாம் மருந்து என்று பெயர் சூட்டிவிட்டோம். கிராமத்தில் "மருந்தைக் குடித்துவிட்டாள்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது யாவருக்கும் தெரியும். அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் இந்தச் சொல் உண்மை பேசுகிறது.

என் சண்டை முதலில் இந்தச் சொல்லோடு. "விஷம் வைக்க ஆள் வந்திருக்கிறான்" என்று சொல்லியிருந்தால், குழந்தை படுக்கிற அறையைத் திறந்துவிட எந்தத் தாயாவது சம்மதிப்பாளா?

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பக்கம் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அடுக்குமாடி வீடு. எலித் தொல்லை. பணம் கொடுத்து, தொழில் தெரிந்தவர்கள் என்று நம்பி ஆட்களை வரவழைத்தார்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். குடும்பம் இரவு தூங்கிற்று. இரண்டு சிறு குழந்தைகள் இறந்துபோயின. பெற்றோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்தப் பெற்றோர் அசட்டையானவர்கள் அல்லர். நீங்களும் நானும் எதைச் செய்வோமோ அதைத்தான் செய்தார்கள். நாம் இரண்டு நாள் உச்சுக் கொட்டினோம். மூன்றாம் நாள் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் வருஷக் காண்ட்ராக்டில் கையெழுத்தாயிற்று.

இதை நான் சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார்: "பஸ் கவிழ்ந்தது என்பதற்காகப் பஸ்ஸில் ஏறாமல் இருக்கிறோமா, சார்?"

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் பஸ்ஸுக்கு ஒரு நம்பர் இருக்கிறது. டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கிறது. எந்த ஊருக்குப் போகிறது என்று பலகையில் எழுதியிருக்கிறது. உங்கள் சமையலறையில் என்ன அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டிலும் பெயர் தெரியவில்லை. "வாசனையே இல்லாத மருந்து" என்ற பதில் மட்டும் பெருமையாக வந்தது. வாசனை இல்லாதது எப்படி ஒரு யோக்கியதாம்சம் ஆகும்? நாற்றமடித்தாலாவது எழுந்து ஓடலாம்.

குன்றத்தூர் விவகாரம் கோர்ட்டின் பாடு. நான் பொதுவாகப் பேசுகிறேன். அலுமினியம் பாஸ்பைடு என்று ஒரு மாத்திரை இருக்கிறது. தானியக் கிடங்குகளுக்காக ஏற்பட்டது. காற்றின் ஈரம் பட்டால் போதும், பாஸ்பீன் என்கிற வாயுவைக் கக்கும். அந்த வாயு சுவரின் விரிசலுக்கும் குழாயின் ஓரத்துக்கும் மரியாதை கொடுத்து நின்றுவிடாது. அடுத்த வீட்டுக்கும் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. நிபுணர் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. இன்னொன்று, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை. பற்பசை மாதிரி குழாயில் அடைத்து, பலசரக்குக் கடையில் சோப்புக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில் வைத்து வெகு காலம் விற்றார்கள். அது உள்ளே போனவன் முதல் ஓரிரு நாள் நன்றாகவே நடமாடுவான்; "ஒன்றுமில்லை" என்று வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஈரல் அழுகத் தொடங்கும். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இந்தப் பசை வாங்கிய உயிர்களைக் கண்டு ஈரல் டாக்டர்கள் கூக்குரலிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் அரசாங்கம் அதன் விற்பனைக்குத் தடை போட்டது. அத்தனை காலம் அது நம் வீட்டு அலமாரியில் எதன் பக்கத்தில் இருந்தது என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. ஆகையால் அது புதுத் தீனியைக் கண்டால் லேசில் நம்பாது. கொஞ்சமாகக் கொறித்துப் பார்க்கும். வயிற்றைப் புரட்டினால் மறுபடியும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது. இத்தனை முன்யோசனை நம் வீட்டில் தவழுகிற பிள்ளைக்குக் கிடையாது. கண்டதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். யார் முதலில் சாப்பிடுவார்கள் என்று நினைத்து இதை மூலைக்கு மூலை வைக்கிறோம்?

வைத்த இடத்தில் விஷம் இருக்காது என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி, கப்பலில் கூடவே வந்த உணவுப் பண்டத்தில் கலந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சாவுகளின் பேரில்தான் 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டப்படி வீடுகளில் இந்தத் தொழில் செய்கிறவனுக்கு உரிமம் வேண்டும். டப்பாவின் மேல் முக்கோணத்தில் நிறம் தீட்டி, எவ்வளவு கொடியது என்று காட்ட வேண்டும். சிவப்பு கொடியதிலும் கொடியது. பிறகு மஞ்சள், நீலம், பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட விளங்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வருகிறவன் டப்பாவோடு வருவதில்லையே! எங்கேயோ கலந்து, பெயரில்லாத பிளாஸ்டிக் கேனில் அல்லவா கொண்டுவருகிறான்? உரிமம் முதலாளியின் சுவரில் தொங்குகிறது. வருகிறவன் இருபது வயதுப் பையன். கையுறை இல்லை, மூக்கில் ஒரு கைக்குட்டை. தினந்தோறும் ஐந்து வீட்டு விஷத்தை அவன் மூச்சில் வாங்கிக்கொள்கிறான் என்பதைப் பற்றிக் காண்ட்ராக்டில் ஒரு வரியும் இருப்பதில்லை.

சரி, எலி ஏன் வந்தது? நாகமலையின் அடிவாரத்தில் வயலும் கண்மாயுமாக இருந்த பூமி இது. 1965இல் கல்லூரி வந்தது. 1966இல் பல்கலைக்கழகம் வந்தது. அப்புறம் காலனி காலனியாக வீடுகள். வரப்பை மனையாக்கி விற்றோம். பட்டா மாறிய சமாசாரம் வரப்பிலிருந்த எலிக்கு யாரும் சொல்லவில்லை. எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வந்தது. அதை அடித்துக் கொன்றோம். கூகை வந்தது, அபசகுனம் என்று விரட்டினோம். விரட்டியதற்குத் தப்பியது விஷம் தின்ற எலியைத் தின்று செத்தது. சம்பளம் கேட்காத காவல்காரர்களை எல்லாம் தீர்த்துவிட்டுச் சம்பளம் கேட்கிற காவல்காரனைக் கூப்பிடுகிறோம்.

அடுக்குமாடியின் கதை இன்னும் விசேஷம். முதல் மாடியில் அடித்தால் கரப்பான்கள் குழாய்ச் சந்து வழியாக இரண்டாம் மாடிக்குக் குடிபோகின்றன. இரண்டாம் மாடிக்காரர் அடித்தால் மூன்றாவதுக்கு. ஆறு மாதத்தில் பழையபடி கீழே வந்து சேருகின்றன. ஒவ்வொரு குடித்தனமும் தனித்தனியாகப் பணம் கட்டி அவற்றை ஊர்வலம் விடுகிறது! அந்தச் சந்தின் ஓட்டைகளை அடைக்க எல்லோரும் சேர்ந்து செலவு செய்யலாம் என்றால், "அது பொதுச் சொத்து ஆயிற்றே" என்கிறார்கள்.

இவ்வளவு சொன்னதும், "பார்த்தீர்களா, அந்தக் காலத்தில் வேப்பிலையும் வசம்பும் போதவில்லையா?" என்று வேறொரு கட்சி எனக்கு மாலை போட வருகிறது. அந்த மாலை எனக்கு வேண்டாம். அந்தக் காலத்தில் இதே தேனி ரோட்டில் மேற்கே போனால் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் இருந்தது. 1930களில் டாக்டர்கள் அங்கே முகாம் போட்டு எலிகளையும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே இருக்கிறது. வசம்பு போதவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எலிக்காய்ச்சல் இன்றைக்கும் ஆளைக் கொல்லுகிறது. எலியோடு சமரசம் பேசச் சொல்ல நான் சந்நியாசி அல்ல. ஆனால் பாட்டிகள் செய்தவற்றில் வேப்பிலைப் புகையைவிட உருப்படியான காரியங்கள் உண்டு. பொங்கலுக்கு முன் வீடு முழுவதும் சுண்ணாம்பு அடித்தார்கள்; விரிசல் அடைபட்டது. கட்டிலை வெயிலில் போட்டு மூட்டில் கொதிநீர் ஊற்றினார்கள். ராத்திரி எச்சில் பாத்திரம் கிடக்கவில்லை. 1950களில் மலேரியாவுக்காக ஊரெல்லாம் டி.டி.டி. தெளித்தபோது மூட்டைப்பூச்சி சீக்கிரமே அதற்குப் பழகிக்கொண்டது. கொதிநீருக்கு அது இன்றுவரை பழகவில்லை.

பென்சில் நுழைகிற துளை இருந்தால் சுண்டெலி நுழையும். ஆகவே விஷத்துக்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்கிறேன். சாக்கடை வாய்க்கு இரும்பு வலை, கதவின் அடியில் தகரப் பட்டை, வளையில் கண்ணாடித் தூளும் சிமெண்டும். ஒரு நாள் கூலி; வருஷக் காண்ட்ராக்டில் பாதிகூட ஆகாது. மிச்சமிருக்கிற ஒன்றிரண்டுக்குக் கூண்டுப் பொறியும் ஒரு தேங்காய்ச் சில்லும் போதும். கூண்டில் விழுந்ததை என்ன செய்வது என்று அருவருப்படைகிறவர்கள்தான் விஷத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள். சாவு கண்ணில் படக்கூடாது. சுவருக்குள் நடந்தால் சரி. இந்த நாசூக்கின் விலையைத்தான் குன்றத்தூரில் பார்த்தோம்.

அதற்கும் மேலே விஷம்தான் வேண்டுமென்றால் டப்பா வாசலுக்கு வரட்டும். முக்கோணத்தின் நிறத்தைப் பார்ப்போம். பொருளின் பெயரும், எத்தனை மணி நேரம் வீட்டில் ஆள் இருக்கக்கூடாது என்பதும், அடித்தவனுடைய உரிம நம்பரும் எழுதிய சீட்டு கைக்கு வரட்டும். அக்கம் பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே தகவல் போகட்டும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இந்த மாதக் கூட்டத்துக்கு இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கேட்டால் எந்தக் கம்பெனியும் வராதே, சார்" என்றார்.

வராவிட்டால் கொத்தனார் வருவார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறேன்.