யாருடைய அஜாக்கிரதை?

சமையற்கட்டில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் ஊராருக்குக் காரணம் தேடும் சிரமமே இல்லை. ‘பெண்பிள்ளையின் அஜாக்கிரதை’ என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் தீப்பிடித்த அன்று அஜாக்கிரதையாக இருந்தவன் நான்.

தீபாவளிக்கு முதல் நாள். என் மனைவி முறுக்குக்கு எண்ணெய் காய வைத்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மின்சாரக் கட்டண ரசீதைக் காணவில்லை. கூப்பிட்டேன். “இதோ” என்றாள். மறுபடியும் கூப்பிட்டேன், இந்தத் தடவை குரலில் அதிகாரமும் சேர்ந்துகொண்டது. வந்து அலமாரியைக் குடைந்தாள். ரசீது கிடைத்தது. அதற்குள் சட்டி எரிய ஆரம்பித்துவிட்டது.

நான் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “ஊத்தாதீங்கோ!” என்று கத்தினாள். அடுப்பைத் திருகி அணைத்தாள். பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துப் பக்கவாட்டிலிருந்து சட்டியின்மேல் நகர்த்தி மூடினாள். தீ அடங்கிற்று. நான் குடமும் கையுமாக நின்றேன்.

அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் போய் இறங்கும். இறங்கிய கணத்திலேயே ஆவியாகும். ஆவியானால் அதற்குச் சுமார் 1,700 மடங்கு இடம் வேண்டும். அந்த வேகத்தில் எரிகிற எண்ணெய் கூரைவரை சீறியிருக்கும். முதலில் வெந்திருப்பது அவள் முகம்.

எண்ணெய் சொல்லாமல் கொள்ளாமல் பற்றுவதில்லை. முறுக்கு வேக 180 டிகிரி சூடு போதும். அதைத் தாண்டினால் புகைய ஆரம்பிக்கும். ஏறத்தாழ 350 டிகிரிக்கு மேல் போனால் நெருப்பே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். புகைதான் அதன் எச்சரிக்கை. அதைப் பார்க்க அடுப்பண்டை ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் நிற்க விடுவதில்லை. காபிக்கு ஒரு குரல், துண்டுக்கு ஒரு குரல், வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஒரு குரல். பத்துத் தடவை ஓடி வந்தால் நல்ல இல்லாள். பதினோராவது தடவை சட்டி பற்றிக்கொண்டால் அஜாக்கிரதைக்காரி! இது என்ன நியாயம்?

“அடுப்பை அணைத்துவிட்டு வரக் கூடாதா?” என்று சிலர் கேட்பார்கள். வரலாம், வரத்தான் வேண்டும். ஆனால் அணைத்துவிட்டு வரும் அந்த அரை நிமிஷத்தை நம்மில் எத்தனை பேர் பொறுத்துக்கொள்கிறோம்?

எண்ணெய் காயும்போது பொருத்தமான மூடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து மூட வேண்டும். நன்றாக ஆறும்வரை திறக்கக் கூடாது. எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவே கூடாது. தீ சட்டியை விட்டு மேலே ஏறிவிட்டால் வீட்டை விட்டு வெளியேறி 101-க்குச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அவர்களுக்கு விதி ஒன்றே ஒன்றுதான்: எண்ணெய் காயும்போது கூப்பிடாதீர்கள். உங்கள் ரசீதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.